கயிறு திரிக்கும் ஊரில் கண்ட பாடம்

கொட்டாம்பட்டியில் பெருஞ்சாலையை விட்டுக் கிழக்கே திரும்பிச் சென்றால் சிங்கம்புணரி நம்மை வரவேற்கிறது. சேவுகப்பெருமாள் அய்யனார் கோயிலாலும் தென்னைநார்க் கயிற்றாலும் பெயர்பெற்ற பேரூர் இது. மட்டைகள் மலைபோல் குவிந்து கிடக்க, நார் காய்ந்துகொண்டிருக்கக் கண்டோம். ‘கயிறு திரிப்பது’ என்றால் நம் பேச்சுவழக்கில் பொய் புனைவது. இவ்வூரிலோ அது மெய் வருந்தச் செய்யும் தொழில். விரலால் இழுத்தாலே அறுந்துபோகும் நார், பலவாய்ச் சேர்ந்து முறுக்கேறியதும் கிணற்று வாளியைத் தாங்கிவிடுகிறது. மனையற்ற ஏழைகளைப் பற்றி நம் உள்ளத்தில் நெடுநாள் இருந்துவந்த கேள்விக்கு இக்காட்சி ஒரு விடைபோலத் தோன்றிற்று.

பிழைப்பை நாடி ஊர் பெயர்ந்து வருவோர் எங்கே குடியேறுகின்றனர்? ஆற்றோரம், கண்மாய்க்கரை, சாலையோரம் எனப் பெரும்பாலும் புறம்போக்கில்தான். பேரன் பேத்தி கண்ட பின்னும் சட்டத்தின் கண்ணில் அவர்கள் ‘ஆக்கிரமிப்பாளர்கள்’. பட்டா இல்லாத மனையின் பேரில் வங்கிக் கடன் கிடைப்பதில்லை. மண்சுவரை இடித்துக் கல்சுவர் எழுப்பவும் மனம் துணிவதில்லை. 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி ‘பி மெமோ’ வரும். தண்டம் கட்டிய இரசீதையே உரிமைச் சான்றாக எண்ணிப் பெட்டியில் பூட்டி வைப்போரும் உண்டு. தனித்தனியே மனு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்கள் தனி நார்கள், அறுந்துபோவதில் வியப்பில்லை.

முறுக்கேற்றும் வழியைக் காட்டியவர்களுள் ஒருவர் தமிழர் என்பது நமக்குப் பெருமை. கோலார் தங்கவயலில் பிறந்து பம்பாய்க்குச் சென்ற ஜோக்கின் அற்புதம் அவர்கள், ஜனதா காலனி என்னும் குடிசைப் பகுதியில் வாழ்ந்தவர். அணு ஆராய்ச்சி மையத்தின் தேவைக்காக, 1976-இல், நெருக்கடி நிலைக் காலத்தில், அங்கிருந்த சுமார் 70 ஆயிரம் பேர் அப்புறப்படுத்தப்பட்டனர். நீதிமன்றம் சென்றும் காலனியைக் காக்க இயலவில்லை.

1985 ஜூலையில், பம்பாய் நடைபாதைவாசிகளின் வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. உயிர்வாழும் உரிமையில் பிழைப்புரிமையும் அடங்கும் என்று அது அறிவித்தது. எனினும், முறைப்படி அறிவிப்புத் தந்து அகற்றுவதை அது தடுக்கவில்லை. ஆனால் 1976-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் எண்ணப்பட்டு அடையாள அட்டை பெற்றவர்களுக்கு மாற்றிடம் தரவேண்டும் என்றது. கணக்கில் வந்தவர்க்கு இடம் உண்டு. வராதவர்க்கு அந்த உறுதி இல்லை!

அதே ஆண்டில் ‘ஸ்பார்க்’ என்னும் தொண்டு நிறுவனம் நடைபாதைக் குடும்பங்களை அம்மக்களின் துணையோடே எண்ணி வெளியிட்டது. பின்னர் அந்நிறுவனமும், அற்புதம் அவர்களின் தேசியக் குடிசைவாழ்வோர் கூட்டமைப்பும், ‘மகிளா மிலன்’ என்னும் பெண்களின் சேமிப்புக் குழுக்களும் கைகோத்தன. மக்களே வீடுகளை எண்ணுவது, மக்களே வரைபடம் வரைவது, நாள்தோறும் சிறுதொகை சேர்ப்பது என்னும் இம்முறை ஆப்பிரிக்க நாடுகள் வரை பரவியது. 2000-இல் மகசேசே விருது பெற்ற அப்பெரியவர் 2018-இல் மறைந்தார்.

பெருநகரத்துக்கு ஏற்றது சிங்கம்புணரி போன்ற பேரூருக்குப் பொருந்துமா என்று கேட்கலாம். ஒடிசா மாநிலம் 2017-இல் இயற்றிய நில உரிமைச் சட்டம் முதலில் நகராட்சிகளையும் சிறுநகரங்களையும் நோக்கியே அமைந்தது. ஆளில்லா வானூர்தியால் படமெடுத்தனர். குடியிருப்போர் சங்கத்தினர் வீடு வீடாகச் சென்று அப்படத்தைச் சரிபார்த்தனர். வறியோருக்கு 30 சதுர மீட்டர் வரை விலையின்றி, கணவன் மனைவி இருவர் பெயரிலும் சான்றிதழ் கிடைத்தது. அதைப் பிள்ளைகளுக்கு விட்டுச்செல்லலாம், வங்கியில் அடகு வைக்கலாம்; விற்க மட்டும் முடியாது.

நம் மாநிலத்திலும், சென்னையைச் சூழ்ந்த பகுதிகளிலும் மதுரை, நெல்லை முதலிய நகர்ப்பகுதிகளிலும் ஆட்சேபணையற்ற புறம்போக்கில் வாழும் சுமார் 86 ஆயிரம் பேருக்குப் பட்டா வழங்க 2025 பிப்ரவரியில் அமைச்சரவை முடிவு செய்தது. ‘ஆட்சேபணையற்ற’ என்னும் சொல்லைக் கவனியுங்கள். நீர்நிலைக்கு அச்சலுகை இல்லை. ஏரி குளங்களைக் காக்க 2007-இல் தனிச் சட்டமே உள்ளது. ஆகவே தாம் குடியிருக்கும் மண் எவ்வகையது என்பதைக் கிராம நிர்வாக அலுவலரிடமுள்ள ‘அ’ பதிவேட்டில் முதலில் பார்த்தறிதல் வேண்டும். கண்மாய்க்கரையானால் மாற்றிடம் கேட்கவேண்டும். அதையும் தெருவே சேர்ந்து கேட்பதுதான் வலிமை.

இங்கே நம் குடும்பங்களுக்கும் ஒரு பணி இருக்கிறது. நம் பங்குகளில் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் எழுத்தர்களும் எத்தனையோ பேர்! குடிசைப் பகுதிக்கு அவர்கள் தலைவர்களாகச் செல்லவேண்டாம். எழுதுபவர்களாகச் சென்றால் போதும். எந்த வீட்டில் யார், எத்தனை ஆண்டு, என்னென்ன இரசீது என்று அம்மக்கள் சொல்லச் சொல்லப் பதியட்டும். வீட்டுத் தலைவியின் பெயரை மறவாமல் சேர்க்கட்டும். அடுத்தமுறை பழைய துணிகளோடும் அரிசியோடும் அங்கே செல்லும்போது, அன்பர்களே, ஒரு நோட்டுப் புத்தகத்தையும் உடன் எடுத்துச் செல்லுங்கள்.