பேரேடு

எங்க ஊரு மேல்பட்டாம்பாக்கம். கடலூரிலிருந்து விழுப்புரம் போகிற ரயில் பாதையில் நெல்லிக்குப்பத்துக்கும் பண்ருட்டிக்கும் நடுவில் வரும். நான் வேலை பார்த்தது நெய்வேலி நகரியத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில். பண்ருட்டி போய் பஸ் மாறிப் போகவேண்டும். சரித்திரத்தில் பி.ஏ. முடித்தவன் ஜெராக்ஸ் எடுக்கிறானே என்று எங்க தெருவில் நைனாவிடம் கேட்டவர்கள் உண்டு. எனக்கு அதில் வெட்கமொன்றும் இல்லை. நாலு வருஷம் அடுத்தவர்களுடைய தஸ்தாவேஜுகளை நகலெடுத்தது எனக்கு இன்னொரு படிப்பாக இருந்தது.

அந்தக் கடையில் உட்கார்ந்துதான் நான் ஒரு ராஜ்ஜியம் செய்தேன். மத்தியதரைக் கடலில் இருக்கிற சிசிலித் தீவு, பன்னிரண்டாம் நூற்றாண்டு. கம்ப்யூட்டர் விளையாட்டுக்காக. மத்தியானம் ஒரு மணியிலிருந்து நாலு மணி வரைக்கும் கடைக்கு ஆள் வராது. கம்ப்யூட்டர் சும்மா கிடக்கும்.

தோழர்களில் பலருக்கு இந்த விளையாட்டு தெரிந்திருக்காது. குருசேடர் கிங்ஸ் இரண்டு என்று பேர். ஸ்வீடனில் ஸ்டாக்ஹோம் நகரத்துக் கம்பெனி ஒன்று 2012இல் வெளியிட்டது. 2019இல் மூல ஆட்டத்தை இலவசமாக்கினார்கள், அதனால் என் கைக்கும் வந்தது. சுடுகிற ஆட்டம் இல்லை. ஐரோப்பாவின் வரைபடம் திரையில் விரியும். நீங்கள் ஒரு ராஜா, அல்லது ஒரு சிற்றரசன். கல்யாணம் கட்டி, வாரிசு பெற்று, வரி வாங்கி, படை திரட்டி, தலைமுறை தலைமுறையாக ஆளவேண்டும். நிலம் பட்டமாக இல்லாதவனாக நீங்கள் ஆட முடியாது. குடியானவன் அந்த ஆட்டத்தில் ஒரு எண். இந்த மாகாணத்தில் வரி இவ்வளவு, படைக்கு ஆள் இவ்வளவு, கலகம் வரும் அபாயம் நூற்றுக்கு இவ்வளவு. அவன் ஆளாகத் தலைகாட்டுவது கலகம் செய்யும்போது மட்டும்தான். அதை அடக்கிவிட்டால் மறுபடியும் எண்ணாகிவிடுவான்.

இந்த ஆட்டத்தின் வயிற்றைத் திறந்து உள்ளேயிருப்பதை நாமே மாற்றி எழுதலாம். அதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. வரைபடம் என்பது ஒரு படம். அதில் ஒவ்வொரு மாகாணத்துக்கும் ஒரு தனி நிறம், நிறத்துக்கு ஒரு எண், எண்ணுக்கு ஒரு பேர். எந்த வருஷம் எந்த மண் யார் கையில் இருந்தது என்பதெல்லாம் சாதாரண எழுத்துக் கோப்புகள். நோட்டுப் புத்தகத்தில் எழுதுகிற மாதிரி எழுதிக்கொண்டே போகலாம்.

என் சித்தப்பா மகனுக்கு என்மேல் கோபம். "ஏண்ணா, சோழன் இருக்கும்போது எவனோ ஊரு ராஜாவ எதுக்குப் போடற? ராஜேந்திரன் கடாரம் வரைக்கும் போனவரு. நம்ம ராஜாண்ணா." அவன் சொன்னது தப்பில்லை. 2022இல் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் ஆட்டத்தில் திராவிடர் என்றே ஒரு நாகரிகத்தைச் சேர்த்து, ராஜேந்திர சோழன் கதையையும் வைத்தார்கள். அவன் அதை ராத்திரி பகலாக ஆடினான். அவனுடைய சந்தோஷத்தை நான் கேலி செய்யவில்லை. ஜெயிக்கிற பக்கம் நின்று பார்க்க யாருக்குத்தான் ஆசை இருக்காது?

ஆனால் நான் இந்தியப் பக்கத்தை ஏற்கெனவே பார்த்துவிட்டு வந்தவன். குருசேடர் கிங்ஸில் இந்திய ராஜாக்களை 2014இல் சேர்த்தார்கள். அதில் சாதி உண்டு. பிராமணர், சத்திரியர், வைசியர் என்று மூன்று. சாதி பார்த்து ஒருவரைப் பற்றி மற்றவர்களின் அபிப்பிராயம் கூடும், குறையும். நாலாவது இல்லை. அதற்கும் வெளியே இருக்கிற நாம் இல்லவே இல்லை. ஆளுகிறவர்களின் ஆட்டம், ஆளுகிறவர்களின் சாதி மட்டும் போதும் என்று நினைத்திருப்பார்கள். ஸ்டாக்ஹோமில் இருப்பவனை நான் குறை சொல்லவில்லை. நம்முடைய பாடப்புத்தகத்தைப் படித்தாலும் அவனுக்கு அதுதான் கிடைத்திருக்கும். எனக்கு மட்டும் அந்தத் திரையில் நம்ம ஊரு வரைபடத்தில் கைவைக்க மனசு வரவில்லை. அதனால்தான் சிசிலிக்குப் போனேன். அங்கே சாதி இல்லை, நிம்மதியாக ராஜாவாக இருக்கலாம் என்று நினைத்தேன்.

சிசிலி ஆசையைக் கிளப்புகிற ராஜ்ஜியம்தான். முஸ்லிம்கள் ஆண்ட தீவை வடக்கேயிருந்து வந்த நார்மன்கள் பிடித்தார்கள். 1130ஆம் வருஷம் கிறிஸ்துமஸ் நாளில் பலெர்மோ நகரத்தில் இரண்டாம் ரோஜர் முடிசூட்டிக்கொண்டான். அவன் அரசாங்கம் லத்தீன், கிரேக்கம், அரபி என மூன்று மொழியில் எழுதியது. அல் இத்ரீசி என்கிற முஸ்லிம் அறிஞர் அவனுக்காக உலகத்தையே வரைந்து, 1154இல் புத்தகமாக முடித்தார். அந்த வரைபடங்களில் தெற்கு மேலே இருக்கும், வடக்கு கீழே. அதைப் பார்த்ததும் எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. கீழே கிடந்தது மேலே வந்த ஒரு வரைபடம்! என் ஆட்டத்தையும் அப்படியே புரட்டிப் போடலாம் என்று மூன்று வாரம் முயன்றேன். முடியவில்லை.

மாகாணங்களை நிரப்புவதற்காகப் புத்தகம் தேடினேன். ஜெரமி ஜான்ஸ் என்கிற ஆய்வாளர் நார்மன் சிசிலியின் அரபி நிர்வாகத்தைப் பற்றி எழுதிய புத்தகம் கிடைத்தது. அகராதி வைத்துக்கொண்டு படித்தேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

ஜரீதா என்று ஒரு பட்டியல். ராஜா ஒரு கோயிலுக்கோ பிரபுவுக்கோ நிலம் கொடுக்கும்போது மண்ணை மட்டும் கொடுப்பதில்லை, அதில் உழுகிற குடிகளையும் சேர்த்துக் கொடுக்கிறான். அந்தக் குடிகளின் பேரை ஊர்வாரியாக எழுதிக் கொடுக்கிற பேரேடுதான் ஜரீதா. மொன்ரெயாலே என்கிற இடத்துப் பெரிய தேவாலயத்துக்கு ராஜா இரண்டாம் வில்லியம் இப்படித் தந்த பட்டியல்கள் 1178, 1183ஆம் வருஷத்தவை. நீளமான தோலில், அரபியிலும் கிரேக்கத்திலும் பேர் பேராக. இன்னார், இன்னார் மகன், இன்னார் தம்பி. சிலருக்குப் பேரோடு தொழிலும் ஒட்டிவரும். இந்தப் பட்டியலில் உள்ளவன் ஊரைவிட்டு ஓடினால் பிடித்துத் திருப்பித் தரவேண்டும். அதற்காகத்தான் பேர்.

எண்ணூறு வருஷத்துக்கு முந்தைய உழவனுடைய பேர் நமக்குத் தெரிகிறது. அவன் இன்னொருவன் சொத்தாக இருந்ததால் தெரிகிறது. இதைப் படித்த அன்றைக்கு எனக்கு ஆயாவின் டிரங்குப் பெட்டி ஞாபகம் வந்துவிட்டது.

அந்தப் பெட்டியின் அடியில், மஞ்சள் துணியில் சுற்றி, இரண்டாகக் கிழித்த ஒரு காகிதம் இருக்கும். வெள்ளைக்காரன் காலத்து ஸ்டாம்பு. எங்க பூட்டன் ஆண்டையிடம் நாற்பது ரூபாய் வாங்கியதற்கு எழுதிக் கொடுத்த பத்திரம். வட்டிக்குப் பதில் உழைப்பு, கடன் அடைகிற வரைக்கும் படியாள். பேரைப் பெரியதனக்காரர் யாரோ எழுதியிருக்கிறார், பக்கத்தில் பூட்டனுடைய கைநாட்டு. எங்க தாத்தா கரும்பு வெட்டப் போய்ச் சேர்த்த காசில் அதை அடைத்தார். அடைந்ததும் ஆண்டை பத்திரத்தைக் கிழித்துக் கையில் கொடுத்தார். பூட்டன் பேர் எழுத்தில் இருக்கிற ஒரே காகிதம் எங்க வீட்டில் அதுதான்.

அன்றைக்கு ராத்திரி ஆயாவைக் கேட்டேன், கிழிஞ்ச சீட்டை எதுக்கு ஆயா இன்னும் வெச்சிருக்க என்று.

"அடைச்சிட்டோம்னு காட்டறதுக்குடா. நாளைக்கி எவனாவது வந்து கேட்டா?"

கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. அந்த ஆண்டை குடும்பம் நிலத்தை விற்றுவிட்டுப் பட்டணம் போய் எத்தனையோ வருஷம் ஆகிறது. எண்பது தாண்டிய என் ஆயா இன்னும் ரசீது வைத்திருக்கிறாள்.

எங்க ஊரில் இன்னொரு விதமான பேரேடும் இருந்திருக்கிறது. 1860களின் தொடக்கத்தில் கார்ல் ஓக்ஸ் என்கிற பாதிரியார் இங்கே வந்து மிஷன் தொடங்கினார். முன்பு இருந்த லைப்சிக் மிஷன் சபைக்குள் சாதியை அனுசரித்துப் போனதை ஏற்காமல் விலகி வந்தவர் அவர். பிறகு டேனிஷ் மிஷன் அதை ஏற்று நடத்தியது. கடனுக்காக அல்லாமல் ஞானஸ்நானத்துக்காகச் சேரிக்காரன் பேரை எழுதிய நோட்டு அது. எங்க வகையறா அதில் சேரவில்லை. எங்களுக்குக் கிடைத்தது ஆண்டையின் சீட்டு மட்டும்.

இப்போது தம்பி கேட்ட சோழனுக்கு வருகிறேன். சிசிலியின் பட்டியலைப் பார்த்த கண்ணோடு தஞ்சாவூர்ப் பெரிய கோயில் கல்வெட்டை மறுபடி படித்தேன். நம்ம ராஜாவும் பேர் எழுதத் தெரியாதவன் இல்லை. கோயில் பணிக்குக் கொண்டுவந்த தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரையும் பேர் பேராக, எந்தத் தெருவில் எந்த வீடு என்று கல்லில் வெட்டியிருக்கிறான். கோயிலுக்கு விட்ட ஊர்களைச் சொல்லும்போது, வரி இல்லாத இடங்கள் என்று கழிக்கிற கணக்கு ஒன்று வரும். ஊர்நத்தம், குளம், சுடுகாடு, கம்மாணச்சேரி, பறைச்சேரி, தீண்டாச்சேரி. சுடுகாட்டோடு சேர்த்து ஒரே மூச்சில் கழித்துவிட்டுப் போகிறது கல்வெட்டு. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் தீண்டாச்சேரி இருந்தது என்பது கல்லில் இருக்கிறது. அதில் இருந்த ஒருத்தன் பேர் இல்லை.

ஜெராக்ஸ் கடைக்கு வருகிற தாள்களும் இதே கதைதான். சுரங்கத்துக்கு நிலம் போன ஊர்க்காரர்கள் பட்டா, சிட்டா, நஷ்டஈட்டு உத்தரவு என்று கட்டுக்கட்டாகக் கொண்டுவருவார்கள். சர்வே எண், பரப்பு, பேர். அவர்களுடைய வலி நிஜம், அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அதே நிலத்தில் கூலிக்கு நடவு நட்டவளும் களையெடுத்தவளும் கடைக்கு வந்ததில்லை. நிலம் போனபோது அவர்களுக்கும் பிழைப்பு போயிற்று. நகல் எடுக்க அவர்களிடம் காகிதம் இல்லை.

இதற்குப் பிறகு என்னால் ராஜாவுக்காக ராஜ்ஜியம் செய்ய முடியவில்லை. ஜரீதாவை ஆட்டத்துக்குள் கொண்டுவந்தேன். ஒவ்வொரு மாகாணத்திலும் குடிகள் பேரோடு இருப்பார்கள். வரியை ஏற்றிக்கொண்டே போனால் பட்டியலில் இருந்து பேர்கள் குறையும். குறைந்த பேர்கள் மேற்கே மலையில் சேரும். இது என் கற்பனை இல்லை. 1189இல் இரண்டாம் வில்லியம் செத்ததும் பலெர்மோவில் முஸ்லிம்களை வெட்டினார்கள். தப்பியவர்களும், தேவாலயத்துக்கு எழுதிக் கொடுக்கப்பட்ட குடிகளும் மலையேறிப் போய், யாத்தோ, எந்தெல்லா என்ற மலைக்கோட்டைகளில் முப்பது வருஷத்துக்கு மேல் ராஜாவுக்கு அடங்காமல் இருந்தார்கள்.

தம்பியை உட்காரவைத்து ஆடச் சொன்னேன். வழக்கம்போல வரியை ஏற்றினான், படை சேர்த்தான். நாற்பது வருஷ ஆட்சியில் பாதித் தீவு காலி. "இன்னாணா இது, சண்டையே போடாம ராஜா தோத்துட்டாரு" என்றான். கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தவன் கேட்டான்: "மலைமேல போனவங்கள நான் ஆடலாமா?"

அதுவரைக்கும் எனக்கே தோன்றாத கேள்வி. ஆடலாம், ஆனால் ஆட்டத்தின் சட்டப்படி அவர்களில் ஒருவருக்கு நிலமும் பட்டமும் தரவேண்டும். பிரபு ஆக்கினால்தான் திரையில் முகம் வரும். பட்டியலில் இருந்து தப்பி ஓடியவனை மறுபடி ஒரு ஆண்டையாக்கித்தான் காட்ட முடியும் என்றால் நான் செய்த வேலைக்கு என்ன அர்த்தம்? ஒரு வாரம் கோப்பைத் திறக்கவே இல்லை. கடைசியில் பட்டத்தின் பேரை மட்டும் மாற்றினேன். பிரபு என்று வரவேண்டிய இடத்தில் 'ஆள்' என்று போட்டேன். படியாள் என்பதில் இருக்கிற ஆள். ஆள்கிறவன் என்பதிலும் அதுதான் இருக்கிறது. பிரச்சினை அதோடு தீர்ந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன்.

முதல் ஆளுக்குப் பூட்டன் பேரை வைத்தேன். அந்த ஆட்டத்துக்குத் தமிழ் எழுத்து தெரியாது. இங்கிலீஷ் எழுத்தில்தான் அடிக்க முடிந்தது.

"அப்புறம் அவங்க இன்னா ஆனாங்க?" என்றான் தம்பி. மறைக்காமல் சொன்னேன். இரண்டாம் ஃபிரெடெரிக் 1220களில் மலையில் இருந்தவர்களைப் பிடித்து இத்தாலியில் லுச்சேரா என்ற ஊருக்கு நாடுகடத்தினான். 1300இல் அந்த ஊரையும் அழித்து, இருந்தவர்களை அடிமைகளாக விற்றார்கள். அதையும் கோப்பில் எழுதியிருக்கிறேன். ஆடுகிறவன் தடுக்க முடிந்தால் தடுக்கட்டும். வரலாற்றில் யாரும் தடுக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையை மூடிவிட்டு, பழைய மடிக்கணினி ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். ஆயாவைத் திண்ணையில் உட்காரவைத்துக் காட்டினேன். நீலக் கடல், நடுவில் தீவு, மேற்கே மலை. மலைமேல் விரலை வைத்து, "இது உங்க மாமனாரு பேரு ஆயா" என்றேன்.

ஆயா கண்ணைச் சுருக்கிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். படிக்கத் தெரியாது. பிறகு என்னைக் கேட்டாள்:

"இதுல கடன் கிடன் ஒண்ணும் எழுதலியே?"