சாய்த்துப் பதித்த தங்கம்

போலோஞாவில் படிக்கிறவர்களுக்கு ரவென்னா ஒன்றும் தூரமில்லை. காலை ரயிலில் ஏறினால் இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம். மொசைக் வேலை நடக்கும் பட்டறை ஒன்றையும் பார்த்துவிட வேண்டும் என்றுதான் கிளம்பினேன்.

முதலில் கல்லா பிளாசிடியா கல்லறை மண்டபம். பெயர்தான் அந்த அரசியுடையது. 450இல் ரோமில் இறந்த அவளை அங்கேயே அடக்கம் செய்திருப்பார்கள் என்பதே பலரின் கருத்து. கூட்ட நாட்களில் ஐந்து நிமிடத்துக்கு மேல் உள்ளே நிற்க விடுவதில்லை. அலபாஸ்டர் ஜன்னல் கசியவிடும் மங்கல் வெளிச்சத்துக்குக் கண் பழகவே பாதி நேரம் போய்விடுகிறது. அதன் பிறகுதான் கருநீலக் கூரையில் தங்க நட்சத்திரங்கள் தெரியத் தொடங்குகின்றன. இதற்கு ஐந்து நிமிடம் என்பது அநியாயம்.

பக்கத்திலேயே 547இல் திருநிலைப்படுத்தப்பட்ட சான் விட்டாலே தேவாலயம். மொசைக்கில் பேரரசர் ஜஸ்டினியன் ஒரு சுவரில், அவர் மனைவி தியோடோரா எதிர்ச் சுவரில். அவளுடைய நகைகளில் முத்துச்சிப்பித் துண்டுகளும் உண்டு. முகங்களுக்குப் பொடிச் சில்லு, உடைகளுக்குச் சற்றே பெரியது. நான் நகர நகரத் தங்கப் பின்னணியும் இடம் மாறி மாறி மின்னியது. நின்றால் அடங்கிவிட்டது.

காரணம் பட்டறையில் கிடைத்தது. நடுவயதுப் பெண்மணி ஒருவர் மரக்கட்டையில் கூர்முனை மேலாக நட்ட உளியின் முன் உட்கார்ந்திருந்தார். கையில் இருபுறமும் கூரான, வில்போல் வளைந்த சுத்தியல். கண்ணாடித் துண்டை இரு விரலால் உளிமுனையில் பிடித்து, நேர்மேலே ஒரு தட்டு. ஓங்கி அடிப்பதில்லை, சுத்தியலின் கனமே போதும். 'டக்' என்று இரண்டாகிறது. வண்ணக் கண்ணாடியில் வழவழப்பான மேற்பரப்பை விட்டுவிட்டு உடைந்த முகத்தைத்தான் வெளியே காட்டிப் பதிக்கிறார்கள். நிறம் அங்கேதான் ஆழமாக இருக்கிறது. தங்கச் சில்லு வேறு மாதிரி. கண்ணாடியின் மேல் தங்கரேக்கு, அதற்கும் மேல் மெல்லிய கண்ணாடி ஏடு. தங்கம் உதிராமல் இருப்பது அதனால்தான்.

சுண்ணாம்புச் சாந்தில் ஒன்றை அழுத்தியவர், நகத்தால் லேசாகச் சாய்த்தார். அடுத்ததை வேறு பக்கம் சாய்த்தார். இடையில் மயிரிழைச் சந்து.

"மட்டமா வச்சா தங்கம் செத்துப்போகும். தள்ளிப் போய்ப் பாரு."

தள்ளிப் போனேன். ஒன்று அணைய, இன்னொன்று பளிச்சிட்டது. சமதளமாக ஓடு ஒட்டிய பளபளச் சுவர்கள் ஏன் சீக்கிரம் சலித்துவிடுகின்றன என்பது அப்போது விளங்கியது. ரவென்னாச் சுவரில் வெளிச்சத்தையும் சேர்த்தே பதித்திருக்கிறார்கள்.

பட்டறை வாசலில் கிண்ணத்தில் நீர் குடிக்கும் புறாக்கள், வரிசையாக, எல்லா அளவிலும். கல்லா பிளாசிடியா மண்டபச் சுவரில் இருப்பவற்றின் நகல்கள். அலுக்கவில்லையா என்று கேட்டேன்.

"புறாதான் சோறு போடுது," என்றார். பிறகு உள்ளறைக்குக் கூட்டிப்போய்த் தன்னுடைய சொந்த வேலையைக் காட்டினார்: புறாவும் இல்லை, தங்கமும் இல்லை, சாம்பல் நிறத்தில் ஒரு பெரிய சுழல். விற்கவில்லையாம்.