சிட்டையும் பேரேடும்

வாணிகம் செய்வோரிடம் இருவகை ஏடுகள் உண்டு. கையோடு எடுத்துச் செல்வது சிட்டை. கடையில் நிலையாக இருப்பது பேரேடு. பகலெல்லாம் சிட்டையில் குறித்தவற்றை மாலையில் பேரேட்டில் பெயர்த்து எழுதிய பின்னரே நல்ல கணக்கர் வீடு திரும்புவார். ஒரு நாள் சோம்பியிருந்தால் இரு கணக்கும் வேறுபடும். எது மெய், எது பிழை என்று தேடுவதிலேயே மறுநாள் கழிந்துவிடும். இத்தொல்லை, கணிப்பொறி தோன்றிய பின்னரும் மனிதனை விட்டு நீங்கவில்லை.

1990-களில் மேலைநாட்டு அலுவலகங்களில் மேசைக் கணிப்பொறி நிலையான இடம் பெற்றுவிட்டது. முகவரிகளும் நாட்குறிப்புகளும் அதில் ஒழுங்காக அமைந்தன. ஆயினும், வெளியூர் செல்வோர் மேசையைத் தோளில் சுமந்து செல்ல இயலுமோ? அவர்கள் காகிதக் குறிப்பேட்டையே நாடினர். வெளியில் குறித்ததை அலுவலகம் திரும்பியதும் மீண்டும் ஒருமுறை கணிப்பொறியில் பதிய வேண்டியிருந்தது. ஒரே வேலையை இருமுறை செய்வதில் யாருக்கு விருப்பம் உண்டாகும்? பல குறிப்புகள் பதியப்படாமலே மறைந்தன.

இக்குறையைப் போக்க முயன்றவர்களுள் ஒருவர் ஜெஃப் ஹாக்கின்ஸ் என்னும் அமெரிக்கப் பொறியாளர். அவர் 1992-ஆம் ஆண்டில் பாம் கம்ப்யூட்டிங் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். அந்நிறுவனமும் பிற நிறுவனங்களும் சேர்ந்து உருவாக்கிய சூமர் என்னும் கைக்கருவி 1993-இல் வெளிவந்தது. ஆனால், மக்களைக் கவரவில்லை. தோல்வி கண்டு துவளாத ஹாக்கின்ஸ், தம் கருவிக்குப் போட்டி பெரிய கணிப்பொறியன்று, காகிதக் குறிப்பேடே என்பதை உணர்ந்தார். மேசைக் கணிப்பொறியோடு உறவாடாத கைக்கருவியால் பயன் குறைவு என்பதையும் தெளிந்தார்.

அடுத்து அவர் செய்த செயல் சிறு பிள்ளையின் விளையாட்டைப் போன்றது. சட்டைப் பையில் அடங்கும் அளவில் ஒரு மரத்துண்டைச் செதுக்கிக்கொண்டார். எழுதுகோலாக ஒரு சிறு குச்சியையும் வைத்துக்கொண்டார். கூட்டங்களில் எவரேனும் நாளும் நேரமும் குறிப்பிட்டால், அம்மரத்துண்டை எடுத்து அதன்மேல் எழுதுவதுபோலப் பாவனை செய்வார். கண்டோர்க்கு அது வேடிக்கை. அவருக்கோ அது ஆராய்ச்சி. மனிதன் உண்மையில் எதனைக் குறிக்க விரும்புகிறான், எத்தனை விரைவில் குறிக்க விரும்புகிறான் என்பதை அம்மரத்துண்டே அவருக்குக் கற்பித்தது.

1996-ஆம் ஆண்டில் 'பைலட்' என்னும் கைக்கருவி வெளிவந்தது. அவ்வாண்டு வந்த இரு வகைகளுள் சிறியதன் நினைவகம் 128 கிலோபைட்டே. இன்றைய கைபேசியில் எடுக்கும் ஒரு நிழற்படத்திற்கும் அது போதாது. எனினும், நூற்றுக்கணக்கான முகவரிகளை அது தாங்கிற்று. கருவியோடு ஒரு தொட்டிலும் வந்தது. தொட்டிலிலிருந்து செல்லும் கம்பியைக் கணிப்பொறியின் பின்புறத்தில் இணைத்து, கருவியைத் தொட்டிலில் அமர்த்தி, ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். கைக்கருவியில் இருப்பவை மேசைக்கும், மேசையில் இருப்பவை கைக்கருவிக்கும் சென்று சேரும். இதற்கு 'ஹாட்சிங்க்' என்று பெயரிட்டனர்.

இவ்வினை நிகழும் முறை அறியத்தக்கது. ஒவ்வொரு முறையும் எல்லாக் குறிப்புகளையும் பெயர்ப்பதாயின் காலம் வீணாகும். ஆதலின், திருத்தப்பட்ட குறிப்பின்மேல் கருவி ஓர் அடையாளம் இட்டு வைக்கும். நீக்கப்பட்ட குறிப்புக்கும் ஓர் அடையாளம் உண்டு. இல்லையேல், கையில் நீக்கியதை மேசைக் கணிப்பொறி மீண்டும் கொண்டுவந்து வைத்துவிடும் அன்றோ? அடையாளம் உள்ளவை மட்டும் இருபுறமும் செல்லும். வேலை முடிந்ததும் அடையாளங்கள் அழிக்கப்படும்.

இனி, ஒரு சிக்கல். நண்பர் ஒருவரின் முகவரியைப் பயணத்தில் ஒருவர் கைக்கருவியில் திருத்துகிறார். அதே முகவரியை அவருடைய உதவியாளர் அலுவலகக் கணிப்பொறியில் வேறு வகையாகத் திருத்துகிறார். இரண்டனுள் எதனைக் கொள்வது, எதனைத் தள்ளுவது? வலியது மெலியதை அழிக்கட்டும் என்று பொறியாளர்கள் விதித்திருக்கலாம். அவ்வாறு அவர்கள் விதிக்கவில்லை. இரு வடிவங்களையும் காத்து வைத்து, உரியவர்க்கு அறிவிக்குமாறு அமைத்தனர். இரண்டும் வேறுபடுகின்றன என்பதைப் பொறி கண்டுபிடிக்கும். எது மெய் என்பதை அதனால் அறிய இயலாது. அத்தீர்ப்பு மனிதனுக்கே உரியது. தன் எல்லையை அறிந்து நிற்பது பொறிக்கும் ஓர் அழகே.

இத்தனை அமைந்தும், காப்பாற்றும் கடமை மனிதன் கையிலேயே இருந்தது. அக்கருவி இரு சிறு மின்கலங்களால் இயங்கிற்று. அவை முற்றும் தளர்ந்தால், நினைவகத்தில் உள்ளவை அனைத்தும் அழிந்துவிடும். நாள்தோறும் தொட்டிலில் வைத்துப் பழகியவர்க்கு இதனால் கேடில்லை. புதிய மின்கலம் இட்டுப் பொத்தானை அழுத்தினால், மேசையிலிருந்து எல்லாம் திரும்ப வந்து சேரும். 'நாளை பார்த்துக்கொள்ளலாம்' என்று இருந்தவரோ வெறுமையான திரையைக் கண்டு திகைத்தார். கருவியை மீண்டும் விலைக்கு வாங்கலாம். ஓர் இரவில் தோன்றிய எண்ணத்தையும், மறைந்துவிட்ட ஒருவர் சொல்லக் கேட்டு எழுதிய வரியையும் எந்தக் கடையில் வாங்குவது?

காலம் மாறிற்று. கைபேசிகள் பெருகின, தொட்டில்கள் மறைந்தன. அப்பழைய கம்பியைப் பொருத்தும் வாயும் புதிய கணிப்பொறிகளில் பெரும்பாலும் இல்லை. மேலைநாட்டு வீடுகள் பலவற்றின் இழுப்பறைகளில் அக்கருவிகள் இன்றும் உறங்குகின்றன. அவற்றுள் இருந்த குறிப்புகளில், உரிய காலத்தில் பெயர்த்து வைக்கப்பட்டவை வாழ்கின்றன. ஏனையவை மின்கலத்தோடு மாண்டன.

ஓரிடத்தில் மட்டும் இருக்கும் பொருள் பாதி இழந்த பொருளே ஆகும். அன்றன்று குறித்ததை அன்றன்றே பெயர்த்து வைத்தலும், இரண்டு வேறுபடும்போது ஒன்றை அவசரமாக அழிக்காமல் ஆராய்ந்து தெளிதலும் கணக்கருக்கு மட்டும் உரிய பண்புகள் அல்ல. கற்போர் அனைவரும் மேற்கொள்ளத் தக்கவை. சிட்டை மாறும், பேரேடு மாறும், இரண்டையும் ஒத்துப் பார்க்கும் கடமை மட்டும் என்றும் மாறாது.