வேலை போன தம்பிக்கு

ஓஎம்ஆர்ல வேலை பார்த்த தம்பி ஒருத்தன் நேத்து ராத்திரி கூப்பிட்டான்.
"அண்ணே, லிஸ்ட்ல என் பேரும் வந்துடுச்சு."
வீட்ல இன்னும் சொல்லலையாம்.

முதல்ல வீட்ல சொல்லுடா. தினமும் பையை மாட்டிக்கிட்டுக் கிளம்புற நடிப்பு உன்னைத்தான் அரிக்கும்.

லேப்டாப்பைக் கொடுக்குறதுக்கு முன்னாடி பேஸ்லிப், ஃபார்ம் 16 எல்லாத்தையும் எடுத்து வச்சுக்க.
கம்பெனி கோடு மட்டும் ஒரு வரிகூட வேண்டாம்.
ரிலீவிங் லெட்டரைக் கேட்டு வாங்கு.
5 வருஷம் முடிஞ்சிருந்தா கிராஜுவிட்டி உன் உரிமை. யாரும் போடுற பிச்சை இல்ல.
கம்பெனி மெடிக்கல் இன்சூரன்ஸ் பெரும்பாலும் வேலையோடயே போயிடும். அப்பா அம்மா அதுல இருந்தா இந்த வாரமே தனி பாலிசி பாரு.

இன்டர்வியூல ஆட்குறைப்புன்னே சொல்லு. மறைக்காத.
2023 ஜனவரியில கூகுள் 12,000 பேரைக் குறைக்கறதா அறிவிச்சுது. அத்தனை பேரும் திறமை இல்லாதவங்களா?

நவுக்ரியில கண்ணை மூடிட்டு அப்ளை பண்றதைவிட, பழைய டீம்காரங்களுக்கு போன் பண்ணு. கூச்சப்படாத.
வேலைக்கு முன்பணம் கேட்டா மோசடி, போனை வச்சிடு.

நண்பர்களே, உங்க டீம்ல ஜாவா தெரிஞ்ச ஆளுக்கு இடம் இருக்கா?
இருந்தா இன்பாக்ஸ்ல சொல்லுங்க. நல்ல பையன்.