ஒரே போர்டில் இரண்டு கிராபிக்ஸ் கார்டு



கம்ப்யூட்டர் வாங்கப் போகிற யாரையும் கேட்டுப் பாருங்கள். பிராசசர் என்ன, ரேம் எத்தனை ஜிபி, கார்டு என்ன மாடல் என்று மடமடவென்று ஒப்பிப்பார்கள். "சரிப்பா, மதர்போர்டு என்ன?" என்றால் மட்டும் "அதைக் கடைக்காரரே பார்த்துப் போட்டுத் தருவார்" என்பார்கள். கல்யாணத்தில் மாப்பிள்ளையையும் பெண்ணையும் எல்லோரும் பார்ப்பார்கள், பந்தலைத் தாங்குகிற மூங்கிலை யார் பார்க்கிறார்கள்? மதர்போர்டு அந்த மூங்கில் மாதிரி. அதைத் தேர்ந்தெடுக்க இந்த வருடம் நான் மூன்று வாரம் படித்தேன். படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். என் அக்கா வீட்டிலிருந்தபடியே எலிவேஷன் வேலை செய்கிறாள். வீடு கட்டப்போகிறவர்களுக்கு, கட்டி முடித்தால் வெளியே எப்படி இருக்கும், உள்ளே எப்படி இருக்கும் என்று பிளெண்டர் என்ற இலவச மென்பொருளில் படமாகவும் சின்ன வீடியோவாகவும் செய்து கொடுப்பாள். அவளிடம் இருந்தது 12 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு ஒன்று. 10 விநாடி வீடியோ என்றால் விநாடிக்கு 25 பிரேம், மொத்தம் 250 பிரேம். ஒரு பிரேமுக்கு 2 நிமிடம் ஆகும். கணக்குப் போட்டால் 8 மணி 20 நிமிடம். இன்ஜினியர் சாயங்காலம் ஒரு திருத்தம் சொன்னால் அந்த ராத்திரி முழுக்கப் போச்சு. இப்படியே இரண்டு வேலை கைநழுவியது. அப்பா கறாராகச் சொல்லிவிட்டார்: "ஆறு மாசம் பாக்குறேன். அப்புறம் நீ கம்பெனி வேலைக்குத்தான் போகணும்." அம்மா ஒன்றும் பேசாமல் மகளிர் குழுவில் ரூ.40,000 கடன் எடுத்துக் கொடுத்தார். இன்னொரு கார்டு போட்டு நேரத்தைப் பாதியாக்குவது அக்காவின் திட்டம். "தம்பி, நீதானே கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிற? எந்த போர்டுன்னு நீயே பாத்துச் சொல்லுடா" என்றாள். அம்மாவின் கடன் பணம், அக்காவின் வேலை, இரண்டும் சேர்ந்து என் தலையில் இறங்கியது!

டவுனில் நான்கு கடை ஏறி இறங்கினோம். ஒரு கடையில் "எஸ்எல்ஐ உள்ள போர்டுதான் வேணும் தம்பி" என்றார்கள். அது என்னவென்று தேடிப் படித்தேன். சுவாரசியமான கதை! 1998-ல் 3டிஎஃப்எக்ஸ் என்ற நிறுவனம் வூடூ 2 என்ற கார்டை வெளியிட்டது. அதில் இரண்டைச் சேர்த்துப் போட்டால், திரையின் கோடுகளை ஒற்றைப்படை ஒருவர், இரட்டைப்படை ஒருவர் என்று பங்கு போட்டு வரையும். அந்த ஏற்பாட்டுக்குப் பெயர் எஸ்எல்ஐ. பிறகு அந்த நிறுவனத்தின் தொழில்நுட்பம் என்விடியா கைக்கு வந்தது. 2004-ல் என்விடியா அதே மூன்றெழுத்தை வேறு விரிவாக்கத்தோடு கொண்டுவந்தது. 2005-ல் ஏடிஐ போட்டிக்கு கிராஸ்ஃபயர் கொண்டுவந்தது. கேம் பிரியர்களுக்கு அது பொற்காலம். ஆனால் எல்லா கேமும் இரண்டு கார்டையும் ஒழுங்காகப் பயன்படுத்தவில்லை. 2021 ஜனவரி முதல் புதிய கேம்களுக்கான எஸ்எல்ஐ அமைப்புகளைச் சேர்ப்பதை என்விடியா நிறுத்திக்கொண்டது. ஆர்டிஎக்ஸ் 3060-ல் எஸ்எல்ஐ வசதியே கிடையாது. ஆகவே கேமுக்காக யாராவது இரண்டு கார்டு வாங்க நினைத்தால் ஒரே நல்ல கார்டாக வாங்குங்கள்.

பிளெண்டர் விஷயம் வேறு. அதற்கு எஸ்எல்ஐ தேவையில்லை. செட்டிங்கில் இரண்டு கார்டுக்கும் டிக் போட்டால் போதும், வேலையை அதுவே பிரித்துக் கொடுக்கும். ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது. 12 ஜிபியும் 12 ஜிபியும் சேர்ந்து 24 ஆகாது. இரண்டு கார்டும் முழுக் காட்சியையும் தனித்தனியே வைத்துக்கொள்ள வேண்டும். அக்காவின் வேலை மரம், புல், ஓடு எல்லாம் சேர்த்தும் 8 ஜிபியைத் தாண்டியதில்லை. அதனால் பிழைத்தோம்.

அடுத்தது லேன். கார்டு செருகும் நீளமான ஸ்லாட்டுக்கு எக்ஸ் 16 என்று பெயர். பதினாறு வழிச் சாலை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நீளத்தைப் பார்த்து ஏமாறக்கூடாது! வெளியே பதினாறு, உள்ளே நாலுதான் இணைத்திருப்பார்கள். அக்காவின் ரைசன் 5 5600 பிராசசரில் மொத்தம் 24 லேன். அதில் 16 கிராபிக்ஸுக்கு, 4 எஸ்எஸ்டிக்கு, 4 சிப்செட்டுக்கு. நல்ல போர்டு அந்தப் பதினாறை எட்டு எட்டாகப் பிரித்து இரண்டு ஸ்லாட்டுக்குக் கொடுக்கும். அவளுடைய பழைய பி450 போர்டு பிரிக்காது. அதன் இரண்டாவது ஸ்லாட் சிப்செட் வழியாக, பழைய 2.0 தலைமுறை வேகத்தில், நாலே லேனில் ஓடும். அதாவது விநாடிக்கு சுமார் 2 ஜிபி. எக்ஸ் 570 போர்டில் 4.0 தலைமுறையில் எட்டு லேன் கிடைத்தால் சுமார் 16 ஜிபி.

எட்டு மடங்கு வித்தியாசம், உடனே போர்டை மாற்று என்றுதான் எவருக்கும் தோன்றும். அக்கா விடவில்லை. "எனக்கு எத்தனை நிமிஷம் மிச்சமாகும்? அதைச் சொல்லு" என்றாள். உட்கார்ந்து கணக்குப் போட்டோம். ஒவ்வொரு பிரேமுக்கும் 8 ஜிபியையும் மறுபடி அனுப்புகிறது என்றே வைத்துக்கொண்டாலும், பழைய போர்டில் 4 விநாடி, புதியதில் அரை விநாடி. 250 பிரேமுக்கும் சேர்த்து மிச்சம் சுமார் 15 நிமிடம். ஏனென்றால் காட்சி கார்டுக்குள் போய்ச் சேர்ந்த பிறகு கணக்கெல்லாம் கார்டுக்குள்ளேயே நடக்கிறது. பதினைந்து நிமிடத்துக்காகவா அம்மாவின் கடன் பணத்தில் போர்டு வாங்குவது?

அப்போதுதான் ஸ்கேலை எடுத்து அளந்து பார்த்தோம். கார்டு ஒவ்வொன்றும் இரண்டு ஸ்லாட் தடிமன். ஸ்லாட்டுக்கு ஸ்லாட் 0.8 அங்குலம், அதாவது சுமார் 2 செ.மீ. பழைய போர்டு சின்ன சைஸ், மைக்ரோ ஏடிஎக்ஸ். அதன் இரண்டாவது நீள ஸ்லாட் அடிவிளிம்பில் இருக்கிறது. அங்கே கார்டு போட்டால் பவர் பட்டன் வயர், முன்பக்க யுஎஸ்பி வயர் எல்லாம் செருகும் இடத்தின் மேலேயே உட்காரும். போர்டை மாற்ற வைத்தது வேகம் அல்ல, இந்த வயர்தான்! எக்ஸ் 570 பெரிய சைஸ் போர்டில் இரண்டு கார்டுக்கும் நடுவில் ஒரு ஸ்லாட் இடம் காலியாக இருந்தது. மேல் கார்டு மூச்சு விடவும் வழி கிடைத்தது. பிராசசரும் ரேமும் அதிலேயே பொருந்தும் என்பதால் அந்தச் செலவு இல்லை. அதே விலையில் பி550 போர்டுகளும் பார்த்தோம். ஆனால் பி550 என்று எழுதியிருந்தாலே எட்டு எட்டாகப் பிரிக்கும் என்று அர்த்தமில்லை. சில பிரிக்கும், பல பிரிக்காது. மேனுவலைத் திறந்து ஒவ்வொரு மாடலாகப் பார்க்க வேண்டும்.

கடைசியாக மின்சாரம். ஒரு கார்டு 170 வாட்ஸ். ஸ்லாட் அதிகபட்சம் 75 வாட்ஸ்தான் தரும், மீதி எஸ்எம்பிஎஸ் கேபிளில் வரவேண்டும். இரண்டு கார்டு, பிராசசர், மற்றதெல்லாம் சேர்ந்து 450 வாட்ஸைத் தொடும். பழைய 600 விஏ யூபிஎஸ் தாங்குவது 360 வாட்ஸ் மாதிரிதான். கரண்ட் போன மறு நொடியே அதுவும் படுத்துவிடும். எனவே செலவு இப்படிப் போனது: பழைய கார்டு ரூ.18,000, பழைய எக்ஸ் 570 போர்டு ரூ.9,500, 750 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ் ரூ.6,500, 1000 விஏ யூபிஎஸ் ரூ.5,500. மீதி ரூ.500. அதில் அம்மாவுக்கு ஒரு ஜாக்கெட் துணி எடுத்தாள் அக்கா.

இப்போது ஒரு பிரேம் 66 விநாடி. அதே வீடியோ 4 மணி 35 நிமிடத்தில் முடிகிறது. பகலில் ஒரு கார்டு ரெண்டர் ஓட்டும், இன்னொன்றில் அக்கா அடுத்த வீட்டை வரைவாள். எனக்கு இந்த வசதிதான் பெரிதாகத் தெரிகிறது.

நண்பர்களே, நீங்களும் யாருக்காவது தேர்ந்தெடுக்க நேர்ந்தால் இந்த ஐந்தையும் கேளுங்கள்:

1. எதற்காக இரண்டு கார்டு? கேமுக்கா, வேலைக்கா?
2. இரண்டாவது ஸ்லாட்டில் உண்மையில் எத்தனை லேன்? பிராசசரிலிருந்தா, சிப்செட்டிலிருந்தா?
3. எஸ்எஸ்டி போட்டால் அந்த ஸ்லாட் அணைந்துவிடுமா? (சில போர்டில் அப்படி உண்டு.)
4. கார்டின் தடிமனுக்கு இடம் இருக்கிறதா? கேபினெட் போதுமா?
5. எஸ்எம்பிஎஸ், யூபிஎஸ் தாங்குமா?

இதில் 2, 3, 4-க்குப் பதில் போர்டின் மேனுவலிலும் ஒரு ஸ்கேலிலும் இருக்கிறது. மேனுவல் கம்பெனி இணையதளத்தில் இலவசம். காசு கொடுப்பதற்கு முன் அரைமணி நேரம் அதைப் படியுங்கள்.

அப்பா சொன்ன ஆறு மாதத்தில் இரண்டு மாதம் போய்விட்டது. குழுக்கடனில் எட்டுத் தவணை பாக்கி. சென்ற இரண்டு தவணையையும் அக்காதான் கட்டினாள். அப்பா இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் போன வாரம் ஒரு இன்ஜினியரின் போன் நம்பரை அவரே எழுதிக்கொண்டு வந்து மேசையில் வைத்தார்.



— பன்னிரண்டாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்