வந்த நாயும் இருந்த நாய்களும்

விருந்தோம்பலைப் பேரறமாகப் போற்றும் மரபு தமிழருக்கு உண்டு. வருபவரை முகமலர்ந்து ஏற்றலும் உண்டி கொடுத்தலும் அவ்வறத்தின் கூறுகளாகக் கொள்ளப்பட்டன. ஆயின், படலையைத் திறந்து ஒருவரை உள்ளே அழைக்கும் உரிமை வீட்டுக்குரியவரிடம் இருப்பினும், அவ்வழைப்பின் விளைவை அனுபவிப்பவர் அவர் மட்டுமல்லர். அவ்வீட்டில் ஏலவே வாழும் யாவரும் அதற்கு உட்பட்டவர்களே. மனிதர் விடயத்தில் ஓரளவு உணரப்படும் இவ்வுண்மை, வீட்டு விலங்குகள் விடயத்தில் பெரும்பாலும் மறக்கப்பட்டுவிடுகின்றது. யாழ்ப்பாணத்து வீடொன்றிலே ஆதரவற்ற நாயொன்று அடைக்கலம் பெற்ற கதை இதனை நன்கு விளக்கும்.

அவ்வீட்டில் வாழ்ந்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். கணவரை இழந்தவர், பிள்ளைகள் கடல் கடந்து வாழ்பவர்கள். அவருக்குத் துணையாக இரண்டு நாய்கள் இருந்தன. ராசன் 11 வயதுக் கிழநாய். கணவர் உயிரோடிருந்த காலத்திற் குட்டியாக வந்து, அவரது சாய்மனைக் கதிரையின் கீழேயே வளர்ந்தது. வெள்ளைச்சி 4 வயதுப் பெட்டை நாய். யாரைக் கண்டாலும் வாலாட்டும் இயல்பினது. தை மாதத்து மாலைப்பொழுதொன்றில் ஒழுங்கை முகப்பிலே, மோட்டார்ச் சைக்கிள் மோதியதாற் பின்னங்கால் ஊனமுற்றுக் கிடந்த தெருநாயொன்றை ஆசிரியை கண்டார். பக்கத்து வீட்டு மாணவனின் உதவியுடன் அதனைச் சாக்கொன்றிற் கிடத்தித் தம் வீட்டுக்குத் தூக்கி வந்தார்.

இரக்கம் மேலிட்டவராய் அவர் அன்று செய்தவை யாவும் நல்ல நோக்கத்தோடு செய்யப்பட்ட தவறுகளே. படலையைத் திறந்து, இரண்டு நாய்களும் நின்ற முற்றத்திற்கே புதிய நாயைக் கொண்டு சென்றார். அதன் பசியைக் கண்டு, கைக்கெட்டிய ராசனின் சட்டியிலேயே சோற்றை இட்டார். “பாவம், அதுவும் தின்னட்டும்” என்று அவர் கூறி முடிப்பதற்குள் சண்டை மூண்டது. விலக்கச் சென்ற மாணவன் இரு நாய்களுக்குமிடையிற் கையை வைத்தான். எந்த நாயின் பல் பட்டதென்று அறிய முடியாதவாறு அவன் மணிக்கட்டிற் காயம் உண்டாயிற்று. கிணற்றடியிலிருந்த வாளித் தண்ணீரை ஆசிரியை நாய்களின் மீது வீசிய பின்னரே அவை பிரிந்தன. ராசனின் காது கிழிந்திருந்தது. மாணவனின் காயம் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடங்கள் கழுவப்பட்டது. அன்றிரவே அவன் மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி பெற்றான். நீர்வெறுப்பு நோயின் அறிகுறி தோன்றிய பின்னர் அதிலிருந்து பிழைத்தல் ஏறத்தாழ இயலாதது. ஆதலின் இவ்விடயத்தில் ஒரு நாட் தாமதமும் தகாது.

அயலவர் கூறிய அறிவுரை ஒன்றே. “ரீச்சர், உதைக் கொண்டுபோய்ச் சந்தையடியிலை விட்டிடுங்கோ. கிழட்டு நாயைச் சாகக் குடுக்கப் போறியளே?” என்றனர். அவர்களின் கூற்றில் நியாயம் இல்லாமலில்லை. கிழிந்த காதோடு கதிரையின் கீழ் ஒடுங்கிக் கிடந்த ராசனைப் பார்த்தபோது ஆசிரியைக்கே அவ்வெண்ணம் தோன்றியது. எனினும் விட்டுவிட அவரால் இயலவில்லை. அதற்குக் காரணம் ஒன்றிருந்தது. 1995 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30 இல் வலிகாமத்து மக்கள் ஓரிரவில் வீடு வாசல் துறந்து தென்மராட்சி நோக்கி நடந்தபோது, அவரும் நடந்தார். கட்டியிருந்த நாயை அவிழ்த்து, ஒரு சட்டி நீரும் வைத்துவிட்டு வந்தார். 1996 ஆம் ஆண்டு சித்திரைக்குப் பின்னர் திரும்பியபோது வீடு இருந்தது, நாய் இருக்கவில்லை. இதனை அவர் பலரிடம் கூறியதில்லை.

மறுநாள் மூன்று நாய்களையும் பரிசோதித்த மிருக வைத்தியர், காயங்களுக்கு மருந்திட்ட பின் ஆசிரியையிடம் கூறியவை சில சொற்களே. “ரீச்சர், உங்கடை இரக்கம் அதுகளுக்கு விளங்காது. அதுகளுக்கு விளங்கிறது இடமும் நேரமுந்தான். அந்த இரண்டையும் முதலிலை குடுங்கோ.” புதிய நாய்க்கு நீர்வெறுப்பு நோய்த் தடுப்பூசி ஏற்றப்பட்டது; உண்ணியும் பூச்சியும் நீக்க மருந்து கொடுக்கப்பட்டது. தெருவிலிருந்து வந்த நாய் தன்னோடு நோயையும் கொண்டு வரக்கூடும். எனவே, குறைந்தது இரு வாரங்களாவது அதனை ஏனைய நாய்களோடு சேரவிடாது வைத்திருத்தல் வேண்டும் என்பது அவரது கண்டிப்பான கட்டளை.

நாய்களுக்கிடையிலான பூசலைத் தலைமைக்கான போட்டியாகக் கருதி, “அதுகள் கடிபட்டுத் தீர்த்துக்கொள்ளட்டும்” என விட்டுவிடுவோர் இன்றும் உளர். இவ்வெண்ணத்திற்கு ஒரு வரலாறு உண்டு. 1947 ஆம் ஆண்டில் ருடொல்ப் ஷெங்கல் என்பார் சுவிற்சர்லாந்தின் பாசல் மிருகக்காட்சிச்சாலையில் அடைக்கப்பட்டிருந்த ஓநாய்களை அவதானித்து, அவற்றிடையே நிகழும் தலைமைப் போட்டி பற்றி எழுதினார். அமெரிக்க உயிரியலாளரான டேவிட் மெக் 1970 இல் வெளியிட்ட ஓநாய் பற்றிய நூல் இக்கருத்தை மேலும் பரப்பியது. ஆயின் காட்டு ஓநாய்களை நெடுங்காலம் நேரில் ஆராய்ந்த மெக் அவர்களே 1999 இல் இதனைத் திருத்தினார். இயற்கையில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாய், தந்தை, அவற்றின் பிள்ளைகள் ஆகியோரைக் கொண்ட குடும்பமே. உறவற்ற விலங்குகளை ஓர் அடைப்பினுள் ஒன்றுசேர்த்தபோது தோன்றும் பூசலைக் கொண்டு இயற்கையை அளத்தல் பொருந்தாது என்பதே அவர் விளக்கம். இங்கு மனங்கொள்ளத்தக்க செய்தி ஒன்றுண்டு. வேலியடைத்த வளவொன்றிலே உறவற்ற நாய்களைச் சேர்ப்பவர், தம்மையறியாமலே அவ்வடைப்பைத்தான் உருவாக்குகின்றார். விலகிச் செல்ல இடமில்லாதவிடத்துப் பல்லே வழியாகின்றது. ஆகவே குற்றம் நாயினுடையதன்று. இடம் வகுக்கத் தவறியவருடையது.

இவ்விளக்கத்தை ஆசிரியை நூலிலிருந்து அறிய வேண்டியிருக்கவில்லை. தென்மராட்சியில் உறவினர் வீடொன்றில் ஏறத்தாழ ஆறு மாதங்கள் வாழ்ந்தவர் அவர். பிறர் அடுப்படியில் எந்தச் சட்டியைத் தொடலாம், எந்நேரத்தில் கிணற்றடிக்குச் செல்லலாம் என்று ஒவ்வொரு நாளும் தயங்கியதை அவர் மறக்கவில்லை. அன்போடு ஏற்ற அவ்வீட்டுப் பிள்ளைகள், தம் படுக்கையை விட்டுக்கொடுத்த மூன்றாம் நாளிலேயே முகம் கறுத்ததையும் அவர் மறக்கவில்லை. வந்தவருக்கும் அச்சமுண்டு, இருந்தவருக்கும் இழப்புண்டு. இவ்விரண்டில் ஒன்றை மட்டும் கண்டு மற்றதைக் காணாதிருத்தலே முதல் நாளின் பிழை என்பதை அவர் உணர்ந்தார்.

பின் வளவிலிருந்த பழைய மாட்டுக்கொட்டில் தகரத்தாலும் கிடுகாலும் அடைக்கப்பட்டுப் புதிய நாய்க்கு ஒதுக்கப்பட்டது. நாய்கள் ஒன்றையொன்று காணாதபோதும் மணத்தால் அறியும் ஆற்றல் உடையவை. ஆதலின் புதிய நாய் படுத்த சாக்குத் துண்டு விறாந்தையின் ஓரத்திலும், ராசனும் வெள்ளைச்சியும் படுத்த துணி கொட்டிலிலும் வைக்கப்பட்டன. முதல் நாளில் அச்சாக்கை முகர்ந்த ராசன் உறுமியது. ஐந்தாம் நாள் முகர்ந்துவிட்டு அப்பாற் சென்றது. பத்தாம் நாள் அதனைக் கவனிக்கவேயில்லை. நாய்களைப் பொறுத்தவரை கவனியாமை பகைமையின் நீக்கம். அதுவே நல்ல தொடக்கம்.

காலிற் புண் ஆறிய பின்னர், மாசி மாதத்தில், அறுவடை முடிந்து வெறுமையாய்க் கிடந்த வயல்வெளி அடுத்த கட்டத்திற்குக் களமாயிற்று. வீட்டு முற்றம் ராசனின் உரிமை நிலம். வயல் எவருக்கும் உரியதன்று. முதலிற் சாதுவான வெள்ளைச்சி மட்டுமே அழைத்துச் செல்லப்பட்டது. ஆசிரியை ஒரு நாயையும், காயம் ஆறிய மாணவன் மற்றையதையும் பிடித்துக்கொண்டு, இடையே 20 யார் தூரம் விட்டு ஒரே திசையில் நடந்தனர். நேருக்கு நேர் எதிர்கொள்ளச் செய்யாது, பக்கம் பக்கமாக நடத்தலே இம்முறையின் உயிர். கயிற்றைத் தளர விடுதலும் இன்றியமையாதது. இறுக்கிப் பிடித்த கயிறு, பிடித்தவரின் அச்சத்தை நாயின் கழுத்துக்குக் கொண்டு செல்கின்றது. நாள்தோறும் இடைவெளி சிறிது சிறிதாகக் குறைக்கப்பட்டது.

ராசனின் முறை வந்தபோது அதன் உடல்மொழியைப் படிக்க வேண்டியதாயிற்று. மனித, விலங்கு உணர்ச்சிகளின் வெளிப்பாடு பற்றி 1872 இல் வெளியிட்ட நூலிலே சார்ள்ஸ் டார்வின் இதனை நுணுக்கமாக விவரித்துள்ளார். பகைமை கொண்ட நாய் விறைத்து நிமிர்ந்து நடக்கும், வால் உயர்ந்து அசைவற்று நிற்கும், பிடரி மயிர் சிலிர்க்கும், செவிகள் முன்னோக்கும், பார்வை ஓரிடத்தில் நிலைக்கும். நட்புணர்வு மேலிடும்போது இவை யாவும் எதிர்மாறாகின்றன. உடல் வளைந்து நெளியும், வால் தாழ்ந்து பக்கங்களில் அசையும். உயர்த்தி விறைத்த வாலின் சிறு அசைவை வாலாட்டல் எனக் கருதி ஏமாறுதல் ஆபத்தானது. தலையைத் திருப்பிக்கொள்ளலும், மூக்கை நக்கலும், உறக்கமின்றிக் கொட்டாவி விடுதலும் மன நெருக்கடியின் அடையாளங்கள். அவற்றைக் கண்டவுடன் தூரத்தைக் கூட்டுதல் வேண்டும். முதற் சந்திப்பு மூன்று வினாடிகளே நீடித்தது. முகர்ந்தன, மாணவன் மென்மையாகக் கூப்பிட்டு விலக்கினான். கடிபடவில்லை என்பதே அன்றைய வெற்றி.

வளவுக்குள் மூன்றும் ஒன்றாக விடப்பட்டது பங்குனியில். அதற்கு முன்னர் எலும்புகளும் சட்டிகளும் அகற்றப்பட்டன. மூன்று நாய்களுக்கும் மூன்று இடங்களிற் சோறு வைக்கப்பட்டது. வீட்டில் எவரும் இல்லாத வேளைகளிற் புதிய நாய் கொட்டிலில் அடைக்கப்பட்டது. ஒரு நாள், சாய்மனைக் கதிரைக்கு அருகே புதியது சென்றபோது ராசன் உறுமியது. ஆசிரியையின் கை அதனை அதட்ட உயர்ந்தது, பின்னர் தாழ்ந்தது. உறுமல் என்பது கடியன்று. கடிக்கு முன்னர் விடுக்கப்படும் அறிவித்தல். அறிவித்தலைத் தண்டித்தால், அடுத்த முறை நாய் அறிவிக்காமலே கடிக்கக் கற்றுக்கொள்ளும். அவர் புதியதைப் பெயர் சொல்லி மறுபக்கம் அழைத்தார். அது சென்றது. கதிரையின் அடி ராசனுக்கே உரியதாயிற்று.

அப்பெயர் மணி என்பது. 1995 இல் விட்டுவந்த நாயின் பெயரை இடுமாறு, அக்கதையைப் பின்னர் கேட்டறிந்த மாணவன் சொல்லிப் பார்த்தான். ஆசிரியை இணங்கவில்லை. “அது அதின்ரை பெயர். இது வேறை நாய், தம்பி” என்றார். பழைய கடனைப் புதிய உயிரின் தலையிற் சுமத்தலாகாது என்பதும் ஏற்றுக்கொள்ளலின் ஒரு கூறே.

ராசனும் மணியும் நண்பர்களாகவில்லை. வெள்ளைச்சியோடு மணி முற்றத்தில் ஓடி விளையாடும். ராசனைக் கண்டால் சற்று வளைந்து சுற்றிச் செல்லும். அவை அயலவராயின, அவ்வளவே. ஒரே கூரையின் கீழ் வாழ்வோர் யாவரும் ஒருவரையொருவர் நேசித்தேயாக வேண்டும் என்ற நியதி இல்லை. ஒருவர் மற்றவரின் இடத்தை மதித்து அச்சமின்றி உறங்க முடிந்தால், அடைக்கலம் நிறைவுற்றதெனலாம். இன்றும் சோற்று வேளையில் ஆசிரியை கொட்டிற் கதவைச் சாத்தியே மணிக்குச் சட்டி வைக்கின்றார். ராசன் விறாந்தையில் உண்கின்றது. வெள்ளைச்சி கிணற்றடியில் உண்கின்றது. மூன்று சட்டிகளையும் அவரே கழுவிக் கவிழ்த்து வைத்த பின்னர்தான் கொட்டிற் கதவு திறக்கப்படுகின்றது.