தலைக்கவசம் பேணல்

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருக என மலர்க்குழுவினர் கேட்டபொழுது, தமிழாசிரியராகிய யாம் பழைய செய்யுளைப் பற்றியோ சைவ சித்தாந்தத்தைப் பற்றியோ எழுதுவோம் என்றே அவர்கள் எண்ணியிருப்பர். யாம் எழுதப் புகுந்ததோ, மோட்டார்ச் சைக்கிள் ஓட்டுவோர் அணியும் தலைக்கவசத்தையும் அதனோடு சேர்ந்த உடைகளையும் துப்புரவாகப் பேணும் முறையைப் பற்றியாகும். இப்பொருள் தமிழுக்குப் புறம்பானதென்று கொள்ளற்க. பதிற்றுப்பத்திலே சேர வேந்தர் தம் வீரருக்கு 'மெய்ம்மறை' எனப் போற்றப்படுகின்றனர். மெய்யை மறைத்துக் காப்பது மெய்ம்மறை, அதாவது கவசம். அரசருக்கே உவமையாகும் பெருமை பெற்ற அப்பொருள், இன்று எமது கல்லூரிச் சைக்கிள் கொட்டகையிலே எந்நிலையிற் கிடக்கின்றது என்பதைக் காண்போர் வருந்தாதிரார்.

பக்கக் கண்ணாடியின் தண்டிலே தொங்குவன சில. பெற்றோல் தாங்கியின்மேற் கவிழ்ந்து கிடப்பன சில. முழங்கையிலே மாட்டப்பட்டுத் தெருவெல்லாம் உலா வருவன சில. தலையில் அணியாமைக்குக் காரணம் வினாவினால், "நாறுது சேர், தலை கடிக்குது" என்பர் மாணவர். அக்காரணம் பொய்யன்று. யாழ்ப்பாணத்து வெயிலிலே வியர்வையின் உப்பும், தலையிற் பூசிய எண்ணெயும், நெற்றியில் இட்ட திருநீறும் சந்தனமும், தெருப் புழுதியும் உள்மெத்தையிலே நாடோறும் சேர்கின்றன. மாதக்கணக்கிற் கழுவப்படாத மெத்தையைத் தலையில் வைக்க யார்தான் விரும்புவர்? கழுவாத கவசம் அணியாத கவசமாகின்றது. அணியாத கவசத்தாற் பயன் யாது?

தலைக்கவசத்தின் வரலாறு ஒரு மரணத்தோடு தொடர்புடையது. அரேபியா லோறன்ஸ் எனப் புகழ்பெற்றவர், 1935ஆம் ஆண்டு மே மாதம் 13ஆம் திகதி, இங்கிலாந்திலே தம் இல்லத்துக்கு அண்மையில், சைக்கிளிற் சென்ற சிறுவர் இருவர்மீது மோதாதிருக்கத் தமது மோட்டார்ச் சைக்கிளைத் திருப்பி வீழ்ந்தார். தலையிலே கவசம் இல்லை. ஆறு நாட்களின் பின் உயிர் நீத்தார். அவரைப் பார்வையிட்ட வைத்தியருள் ஒருவர் ஹியூ கேர்ண்ஸ் என்னும் மூளைச் சத்திர வைத்திய நிபுணர். அவர் பின்னர் மோட்டார்ச் சைக்கிள் ஓட்டுவோரின் தலைக்காயங்களை ஆராய்ந்து, கவசத்தின் இன்றியமையாமையை 1941ஆம் ஆண்டிலே மருத்துவ இதழில் எழுதினார். அவ்வாண்டே பிரித்தானியப் படை, செய்தி கொண்டு செல்லும் தன் மோட்டார்ச் சைக்கிள் வீரர் யாவரும் கவசம் அணிதல் வேண்டும் எனக் கட்டளையிட்டது. 1953ஆம் ஆண்டிலே அமெரிக்காவிற் காப்புரிமை பெற்ற ஒரு கவசம், மேலோட்டின் உள்ளே நசுங்கத்தக்க நுரைப்படையை உடையதாயிருந்தது. இன்று நாம் அணிவன அதன் வழிவந்தனவே.

கவசத்தைப் பேணும் முறை அனைத்தும் அந்நுரைப்படையின் இயல்பை அறிவதிலே தங்கியுள்ளது. மேலோடு அடியைப் பரவச் செய்கின்றது. 'றெஜிபோம்' என்று நம்மவர் வழங்கும் வெள்ளை நுரையோ, தான் நசுங்கி அடியின் வேகத்தை ஏற்றுக்கொள்கின்றது. ஒருமுறை நசுங்கிய நுரை முன்னிலைக்கு மீளாது. பெற்றோல் பட்டால் அது கரையும். கண்ணாடித் தண்டிலே தொங்கவிடின் அழுந்திக் குழிவிழும். கொட்டகையிலே யாம் கண்ட காட்சி எத்துணைக் கேடானது என்பது இப்பொழுது விளங்கும்.

கழுவும் முறை கடினமானதன்று. உள்மெத்தை கழற்றத்தக்கதாயின் அதனைக் கழற்றி, இளஞ்சூட்டு நீரிலே குழந்தைகளுக்குரிய ஷாம்பு சிறிது கலந்து, கையாற் பிசைந்து கழுவி, முறுக்காது பிழிந்து, நிழலிலே காற்றாட உலர்த்துக. கழற்றவியலாதாயின், அந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றித் துடைத்து, ஒருநாள் முழுதும் காற்றுப்படும் இடத்தில் வைக்க. உச்சி வெயிலும் அடுப்பங்கரையும் ஆகா. முன்கண்ணாடியிலே காய்ந்து ஒட்டிய பூச்சியையும் புழுதியையும் வறண்ட துணியாலே தேய்த்தாற் கீறல் விழும். ஈரத்துணியைச் சில நிமிடம் அதன்மேற் போர்த்து, ஊறிய பின் மெல்லத் துடைத்தல் வேண்டும். அமோனியா கலந்த கண்ணாடித் திரவமும், தின்னரும், பெற்றோலும் அதனை மங்கவும் வெடிக்கவும் செய்யும். கீறல் மிகுந்த கண்ணாடியிலே எதிர்வரும் வாகனத்தின் ஒளி இரவிற் சிதறிக் கண்ணை மறைக்குமாதலால், அதனை மாற்றுதலே நன்று.

தோலாற் செய்த கையுறையையும் ஜாக்கெற்றையும் நீரில் ஊறவிடாது, ஈரத்துணியாலே துடைத்து, நிழலில் உலர்த்தி, தோலுக்குரிய மெழுகைச் சிறிது பூசிவைக்க. உலர்ந்து வெடித்த தோல் வீழ்ச்சியிலே கிழியும். ஐப்பசி கார்த்திகை மழையில் நனைந்த மழைக்கோட்டை அவ்வாறே மடித்து ஆசனத்தின் கீழே திணிப்பின், மூன்றாம் நாள் பூஞ்சணம் பிடிக்கும். அதனை விரித்துக் காயவிட்ட பின்னரே மடித்தல் முறை.

இங்ஙனம் கழுவுவதாற் பெறும் பயன் பிறிதொன்றும் உண்டு. கழுவுகின்றவன் பார்க்கின்றான். நாடிப்பட்டி நைந்துள்ளதா, கொளுக்கி இறுகப் பூட்டுகின்றதா, ஓட்டிலே வெடிப்புண்டா, நுரையிலே குழியுண்டா என்பவை மெத்தையைக் கழற்றும்பொழுதே புலனாகும்.

எம்மிடம் பயின்ற இளைஞன் ஒருவன், இரவிலே மாடு குறுக்கிட்டமையால் வீழ்ந்து, முழங்கையிலே சிராய்ப்போடு எழுந்து வீடு சேர்ந்தான். மறுவாரம் தன் கவசத்தோடு எம்மைக் காண வந்தான். "ஒரு கீறல்தான் சேர். பெயின்ற் அடிச்சுத் தம்பிக்குக் குடுக்கப் போறன்" என்றான். மெத்தையைக் கழற்றும்படி யாம் கூறினோம். வலப்புறம், நெற்றிப்பொட்டுக்கு மேலாக, வெண்ணுரையிலே பெருவிரல் அடங்கும் குழியொன்றும் அதனின்று நீண்ட வெடிப்பொன்றும் இருந்தன. அவன் அக்குழியிலே விரலை வைத்தான். பின்பு அவ்விரலாலேயே தன் நெற்றிப்பொட்டைத் தொட்டுப் பார்த்தான். நெடுநேரம் பேசவில்லை. போகுமுன் எம்மிடம் கத்தரிக்கோல் கேட்டு வாங்கி, வேறொருவரும் எடுத்து அணியாதவாறு நாடிப்பட்டியை வெட்டினான்.

அண்ணனின் சட்டையும் பாடநூலும் தம்பிக்கு ஆதல் எம் குடும்பங்களின் வழக்கம். அச்சிக்கனத்தினாலே படித்து முன்னேறியோர் இக்கல்லூரியின் பழைய மாணவருட் பலர். யாம் அதனைக் குறைகூறோம். ஆயின் அடிபட்ட கவசம் அவ்வாறு கைமாறத்தக்க பொருளன்று. அது தன் கடமையை ஒருமுறை செய்து முடித்தது. மேலே பூசும் வர்ணம் உள்ளிருக்கும் குழியை மறைக்குமேயன்றி நிரப்பமாட்டாது. அன்றியும் வர்ணத்திலுள்ள திரவம் ஓட்டையும் நலியச் செய்யலாம். அடிபடாத கவசமும் வியர்வையாலும் எண்ணெயாலும் வெயிலாலும் காலப்போக்கில் தளர்வதால், ஏறத்தாழ 5 ஆண்டுகளில் மாற்றுக எனச் செய்வோர் பலர் அறிவுறுத்துகின்றனர். பேணத் தெரிந்தவனுக்கே கைவிடும் காலமும் தெரியும்.

மாணவர்காள், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அரைமணி நேரத்தை இப்பணிக்கு ஒதுக்குமின். உமது கவசத்தோடு தந்தையாரின் கவசத்தையும், பின்னாசனத்தில் அமரும் தாயாரின் கவசத்தையும் கழுவிப் பார்மின். இவ்விழாவுக்குத் தொலைவிலிருந்து மோட்டார்ச் சைக்கிளில் வந்த பழைய மாணவர் யாவரும், நாடிப்பட்டியை இறுகப் பூட்டிச் சென்று, அடுத்த விழாவுக்கும் நலமே வந்து சேர்வாராக.